எக்ஸ்பாக்ஸும் இரண்டு சாவி லாக்கரும்

பேங்கில் லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளரிடம் ஒரு சாவி, எங்களிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மைக்ரோசாஃப்ட் 2001 நவம்பரில் அமெரிக்காவில் இறக்கிய முதல் எக்ஸ்பாக்ஸுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

அந்தப் பெட்டி உண்மையில் ஒரு கம்ப்யூட்டர். 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சிப், 64 எம்.பி. மெமரி, 8 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விலை 299 டாலர், ஆறே மாதத்தில் 199. அடக்க விலைக்கும் கீழே விற்று, கேம் விற்பனையில் ஈடுகட்டுவதுதான் திட்டம். பி.காம். படித்தவனுக்கு மீதி புரிந்துவிடும். பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு எவனும் கேமே வாங்காவிட்டால், கம்பெனிக்கு மிஞ்சுவது நட்டம் மட்டுமே. அதனால் பூட்டினார்கள்.

மதர்போர்டில் 256 பைட் கொள்ளளவில் ஒரு குட்டி சிப். அதில் ஒரு சாவி. அதோடு டிஸ்க்கின் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் கலந்தால் ஒரு பாஸ்வேர்டு வரும். ஸ்விட்ச் போடும்போதெல்லாம் போர்டு அதைச் சொல்லும், டிஸ்க் திறக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அதன் பெயர் மட்டும் தெரியும், உள்ளே ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது.

2002-இல் எம்.ஐ.டி. மாணவர் ஆண்ட்ரூ ஹுவாங், போர்டில் இரண்டு சிப்புகளுக்கு நடுவே ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு, பெட்டியின் ரகசியக் குறியீட்டைப் பிடித்துவிட்டார். (இது வேறு ரகசியம், டிஸ்க் சாவி இல்லை.) அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் போட ஒப்புக்கொண்ட வைலி நிறுவனம் சட்டத்துக்குப் பயந்து பின்வாங்க, 2003-இல் அவரே வெளியிட்டார். அதே வருடம் இன்னொரு வழியும் வந்தது. ஜேம்ஸ் பாண்ட் கேம் ஒன்றின் சேவ் ஃபைலில் வில்லங்கத்தை ஒளித்து வைத்து, சால்டரிங் இல்லாமலே பெட்டியை மாற்றிவிடலாம்! அப்புறம் எக்ஸ்.பி.எம்.சி. வந்தது. செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பாக்ஸ் ஒரு மலிவான சினிமாப் பெட்டியாகிவிட்டது. 2014-இல் கோடி என்று பெயர் மாறியது அதுதான்.

நான் இருக்கும் சிட்னியிலும் ஒரு வழக்கு. ஸ்டீவன்ஸ் என்பவர் பிளேஸ்டேஷனுக்கு மாற்றுச் சிப் விற்றார் என்று சோனி கோர்ட்டுக்குப் போனது. 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுப்பட்டியில் என் தம்பி, வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இப்படி மாற்றப்பட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன்றை வாங்கியிருந்தான். சேவ் ஃபைல் வழி மாற்றியது. லயத்து வீட்டுப் படங்கள், அப்பா கொழுந்து எடை போடும் இடத்தில் நிற்கும் படம், எல்லாவற்றையும் அதில் ஏற்றி டி.வி.யில் பார்ப்பார்கள். ஒருநாள் பெட்டி உயிர் விட்டது. கடைக்காரர் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குச் சந்தேகம். சேவ் ஃபைல் வழியில் மாற்றிய பெட்டியில் டிஸ்க் பூட்டு அப்படியே இருக்கும். அப்படியானால் டிஸ்க் சாகாமலே செத்ததுபோல் தெரியலாம். பழைய எக்ஸ்பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. கடிகாரத்துக்காக வைத்த கெபாசிட்டர் கசிந்து, போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். தம்பி அனுப்பிய போட்டோவில் அந்த இடம் கறுத்திருந்தது. கெட்டது போர்டாக இருந்தால் டிஸ்க் நல்லபடியாகவே இருக்கும், சாவிதான் இல்லை.

மாற்றும்போதே அந்த 256 பைட்டை நகலெடுத்து வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. வாங்கியவனிடமும் நகல் இல்லை, விற்றவரிடமும் இல்லை. டிஸ்க்கே கெட்டிருந்தாலும் அந்த நகல் தேவைதான், புது டிஸ்க்கைப் பூட்டித்தானே அதில் மாட்ட வேண்டும்.

ஆனால் போர்டு செத்தாலும் அந்தச் சிப் பெரும்பாலும் சாவதில்லை. ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரைச் சில கம்பிகளால் இணைத்து அதைப் படித்துவிடலாம். உடனே போன் போட்டேன்.

"போர்டைத் தூக்கிப் போட்டுட்டியாடா?"

"இல்லண்ணே, டீத்தூள் டப்பாவுல கெடக்கு. ஆக்கருக்குப் போடலாம்னு இருந்தேன்."

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ராஸ்ப்பெரி பை வாங்கி பெட்டியில் வைத்தாயிற்று. அப்பாவின் வேறு படம் எங்களிடம் இல்லை.