கொல்கத்தா பேருக்குள்ள ஒளிஞ்சிருக்கும் மெட்ராஸ் டைம்

லினக்ஸ் ஷெல்லில் 'டேட்'னு ஒரு கட்டளை இருக்கு. சும்மா அடிச்சா இப்போ மணி என்னன்னு சொல்லும். 'மைனஸ் டி' போட்டு ஒரு தேதியை எழுதினா, அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு (அல்லது புரிஞ்ச மாதிரி நடிச்சு) எந்த ஊர் நேரத்துக்கு வேணும்னாலும் மாத்தித் தரும். எங்க திருவண்ணாமலைக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மூணு தேதியை வச்சு இதைச் சோதிச்சுப் பார்ப்போம். ரமண மகரிஷி பிறந்தது 30/12/1879. அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது 01/09/1896. சமாதி அடைஞ்சது 14/04/1950.

முதல் தேதிக்கும் கடைசி தேதிக்கும் 'செல்லாத தேதி'ன்னு திட்டு விழும். சாய்கோடு போட்டு எழுதினா அமெரிக்கா வழக்கப்படி மாசம்தான் முதல்ல வரணுமாம். 30ஆவது மாசத்துக்கு எங்க போறது? திட்டினாகூடப் பரவாயில்லைங்க. நடுவுல இருக்கிற தேதியை மூச்சே விடாம வாங்கிக்கிட்டு 1896 ஜனவரி 9ன்னு வச்சுக்கும்! மதுரைப் பையன் வெங்கட்ராமன் வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு ஏழு மாசத்துக்கு மேல இருக்கும்போதே அவரைக் கொண்டாந்து கோயில்ல உக்கார வச்சிடும். 1896-09-01ன்னு வருஷத்தை முதல்ல எழுதிட்டா இந்த வம்பு இல்லை.

தேதி ஓகே. மணிக்கு வருவோம், அங்கதான் சரித்திரமே இருக்கு.

ரமணர் திருச்சுழியில பிறந்தது ராத்திரி 1 மணிக்கு. அதை லண்டன் கிரீன்விச் நேரத்துக்கு மாத்தணும்னா அஞ்சரை மணி நேரத்தைக் கழிக்கலாம்னுதானே கை பரபரக்கும்? ஆனா 1879ல அஞ்சரையே கிடையாது. இந்திய நேரம்னு நாம சொல்றது 1906 ஜனவரி 1ல வந்தது, 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வச்சு. அதுக்கு முன்னாடி ரயிலும் தந்தியும் ஓடினது மெட்ராஸ் டைம்ல. 1792ல நுங்கம்பாக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் கட்டிச்சு. கோல்டிங்ஹாம்னு ஒரு வானியலாளர் 1802ல மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவாந்திரமா இருந்ததாலயும், தந்தியில நேரம் அனுப்ப இந்த ஆய்வுக்கூடம் இருந்ததாலயும் நம்ம ஊர் நேரம் ரயில்வே நேரமாச்சு. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 செகண்ட் முன்னாடி.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. கம்ப்யூட்டருக்குள்ள இந்தியாவோட நேர மண்டலத்துக்குப் பேரு 'ஏஷியா/கொல்கத்தா' (2008 வரைக்கும் 'கல்கத்தா', பழைய பேரும் இன்னும் வேலை செய்யும்). அந்தக் கோப்பைப் பிரிச்சுப் பார்த்தா 1870ல இருந்து 1905 முடிய இருக்கிறது அசல் மெட்ராஸ் டைம்! கல்கத்தா நகரமோ 1948 வரை தன் கடிகாரத்தைத் தனியாத்தான் வச்சிருந்துச்சு. பேரு அவங்களுது, சரக்கு நம்மளுது. (கொல்கத்தா நண்பர்கள் மன்னிக்க :-))

ரமணர் பிறந்த நேரத்தைக் குடுத்தா, 1879 டிசம்பர் 29 திங்கள், 19 மணி 38 நிமிஷம் 50 செகண்ட், யூடிசின்னு பதில் வரும். இதுல ஒரு அழகு இருக்கு. நம்ம பஞ்சாங்கத்துல நாள் பொறக்கிறது நடுராத்திரி இல்லை, சூரிய உதயத்துல. அதனால அந்த ராத்திரி 1 மணி இங்கிலீஷ் காலண்டருக்குச் செவ்வாய், நமக்கு இன்னும் திங்கள், திருவாதிரைத் திருநாளோட ராத்திரி. யூடிசியும் வேற காரணத்துக்காகத் திங்கள்னே சொல்லுது! ஆசிரமத்துல ஜெயந்தியும் டிசம்பர் 30ல இல்லை, மார்கழி புனர்பூசத்துலதான். கிரான்ல தேதி போட்டு வச்சு நினைவுபடுத்திக்கிற சமாச்சாரம் இல்லை அது.

ஒரு சந்தேகம் வரலாம். திருச்சுழி வீட்டுல பார்த்த மணி ரயில்வே மணிதானா? ஒவ்வொரு ஊருக்கும் சொந்த நேரம் உண்டு, டிகிரிக்கு 4 நிமிஷம். திருவண்ணாமலை சுமாரா 79.07 டிகிரி, அதாவது இன்னிக்கும் நம்ம சூரியன் இந்திய நேரத்துக்குச் சராசரியா 14 நிமிஷம் பின்தங்கித்தான் வருது. இந்தக் கேள்விக்கு ஷெல்லில் பதில் இல்லை. அந்த நேரத் தொகுப்பை வச்சிருக்கிறவங்களே 1970க்கு முந்தின தகவலுக்கு முழுப் பொறுப்பு ஏத்துக்கிறதில்லை.

சுருக்கெழுத்துல இன்னொரு கண்ணி. தேதிக்குப் பின்னாடி 'ஐஎஸ்டி'ன்னு எழுதினா இந்திய நேரம்னு சரியாப் படிக்கும். அதே மூணெழுத்தை 'டிஇசட்'டுக்குக் குடுத்தா, யூடிசி மணியைக் காட்டிட்டுப் பக்கத்துல 'ஐஎஸ்டி'ன்னு சீட்டு ஒட்டி விட்டுடும். முழுப் பேரா எழுதுறதுதான் நல்லது.

இதெல்லாம் யாருக்கு வேணும்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 1942 செப்டம்பர் 1ல இருந்து 1945 அக்டோபர் 15 வரை, உலகப்போருக்காக இந்தியாவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க. ஆறரை மணி வித்தியாசம். 1944ல காலை 6 மணிக்குப் பிறந்த தாத்தாவோட நிஜ மணி இன்னிக்குக் கணக்குல 5. லக்னம் சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாறும், அப்போ பாதி லக்னமே காலி. 'ஏஷியா/கொல்கத்தா'வுக்கு இது தெரியும், ஷெல்லில் 1944ஐக் குடுத்துப் பாருங்க, ஆறரைன்னு காட்டும். வெறும் அஞ்சரையைக் கூட்டிக் கழிக்கிற ஜாதக மென்பொருளுக்குத் தெரியாது. உங்க வீட்டுல அந்த மூணு வருஷத்துல பிறந்த பெரியவங்க ஜாதகம் இருந்தா, யுத்த நேரம் கழிச்சு எழுதியிருக்கான்னு பார்த்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க.