பல் பிடுங்கும் முன் ஒரு மாத்திரை

பல் பிடுங்கப் போனால், "இதயத்தில் ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கிறதா?" என்று டாக்டர் கேட்பார். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

இதயத்தின் உள்ளுறையில் கிருமி தொற்றும் நோயைப் பற்றி 1885-இல் லண்டனில் வில்லியம் ஆஸ்லர் விரிவாகப் பேசினார். ஏற்கெனவே பழுதான வால்வுகளையே அது அதிகம் பிடிக்கிறது என்பதைக் கவனித்தார். பெனிசிலின் வராத காலத்தில் அந்த நோய் வந்தவர்கள் பிழைப்பது அபூர்வம்.

1935-இல் ஓக்கெல், எலியட் என்ற இருவர், பல் பிடுங்கியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பத்தில் ஆறு பேருடைய ரத்தத்தில் வாய்க்கிருமிகள் இருந்தன. நல்ல இதயத்தில் அவை நிலைப்பதில்லை. பழுதான வால்வில் ஒட்டிக்கொண்டு பெருகிவிடும். அதனால் 1955-இல் அமெரிக்க இதயச் சங்கம், இத்தகையவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன் பெனிசிலின் கொடுக்கச் சொன்னது.

அரை நூற்றாண்டு அப்படியே போயிற்று. பிறகு ஒரு கேள்வி எழுந்தது: பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூட அன்றாடம் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றனவே, என்றோ ஒருநாள் போடும் மாத்திரை எவ்வளவு காப்பாற்றும்? மருந்து ஒவ்வாமையும் உண்டே? 2007-இல் அந்தச் சங்கம் பட்டியலைச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே இந்நோய் வந்தவர்கள், சில பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்கு மட்டும் போதும் என்றது. 2008-இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு யாருக்குமே வேண்டாம் என்றது. 2016-இல் "வழக்கமாக" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, "வழக்கமாகத் தேவையில்லை" என்று திருத்தியது. அந்த ஒரு சொல், டாக்டர் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வழிவிட்டது.

எனக்கு இது வெறும் சரித்திரமல்ல. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதாகி, பின்னாளில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவன் நான். பழைய விதிப்படி, வால்வு பழுதாக இருந்தாலே மாத்திரை உண்டு. புதிய விதிப்படி, வால்வை மாற்றியதால்தான் நான் பட்டியலில் இருக்கிறேன். சிகிச்சைக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின், ஒரே வேளை, அவ்வளவுதான்.

ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் இதற்காக மாத்திரை போட வேண்டியதில்லை. வால்வு மாற்றியவர்கள் மட்டும், பல் டாக்டர் கேட்க மறந்தாலும் தாமாகவே சொல்லிவிட வேண்டும். மற்றபடி, இந்தச் சண்டையில் எல்லாத் தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு: ஈறும் பல்லும் சுத்தமாக இருப்பதே முதல் காவல்.