கப்பல் கப்பலை அழைத்த வரலாறு

கரை மறைந்தபின் கப்பல் ஊமையாகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உண்மையே. கொடியும் விளக்கும் ஊதுகுழலும் கண்ணும் செவியும் எட்டுமளவே பயன்பட்டன. 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் 28இல் ஆங்கிலக் கால்வாயை அடுத்த கூட்வின் மணற்றிட்டிலே நின்ற ஈஸ்ற் கூட்வின் விளக்குக் கப்பலை வேறொரு கப்பல் மோதிற்று. அவ்விளக்குக் கப்பல் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியாற் கரைக்கு உதவி கேட்டது. ஊமை வாய் திறந்தது அக்காலத்திலேதான்.

மாணவர் இவ்வரலாற்றை ஒரு கருவியின் வெற்றியாகவே படித்து வருகின்றனர். பேசுங் கருவி கிடைத்ததனால் மட்டும் கேட்குங் கடமை பிறந்துவிடவில்லை என்பதே ஈண்டு யாம் நோக்கத்தக்கது. மார்க்கோனி நிறுவனத்தார் கருவியோடு அதனை இயக்குவோரையும் கப்பல்களுக்கு அளித்தனர்; பிற கருவியுடையாரோடு செய்தி பரிமாறுதலையும் தடுத்தனர். 1902இல் டொயிச்லாந்து என்னும் ஜேர்மனியக் கப்பலிற் சென்ற இளவரசர் ஹென்றி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ற்றுக்கு அனுப்ப முயன்ற செய்தியை மார்க்கோனி நிலையம் ஏற்க மறுத்தது. 1903இல் பேர்லினிலே நாடுகள் கூடியதற்கு இதுவும் ஒரு காரணமாம். 1906ஆம் ஆண்டின் பேர்லின் உடன்படிக்கை, எக்கருவியாயினும் கரையும் கப்பலும் உரையாடுதல் வேண்டுமென விதித்து, எஸ். ஓ. எஸ். என்னும் அபாயக் குறியையும் ஏற்றது.

1909 சனவரியில் ரிப்பப்ளிக் என்னுங் கப்பல் மூடுபனியில் மோதுண்டபோது, ஜாக் பின்ஸ் என்பார் விடுத்த அழைப்பைக் கேட்டு வந்த பால்ற்றிக், 1,500க்கு மேற்பட்டோரைக் காத்தது. இவ்வெற்றி பலருக்கு மிகையான நம்பிக்கையை ஊட்டிற்றுப் போலும்.

1912 ஏப்பிரல் 14 இரவு. பனிப்பாறைகளிடையே நின்றுவிட்ட கலிபோர்ணியன் கப்பலின் சிரில் எவன்ஸ், இரவு பதினொரு மணியளவில் டைட்டானிக்கை அழைத்துத் தம் நிலையைக் கூறினார். முதல் நாள் கருவி பழுதுற்றமையாற் குவிந்த பயணிகளின் செய்திகளைக் கேப் றேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜாக் பிலிப்ஸ், தமக்கு வேலை இருப்பதாகச் சினந்து அவரை வாய்மூடச் சொன்னார். எவன்ஸ் காலை முதற் பணியாற்றியவர். அக்கப்பலில் அவருக்கு மாற்றாள் இல்லை. கருவியை நிறுத்திவிட்டு உறங்கினார். 11.40க்கு டைட்டானிக் பாறையில் மோதிற்று. பின்னர் பிலிப்ஸ் விடுத்த அழைப்பு எவன்ஸின் செவியை எட்டவில்லை. பிலிப்ஸைப் பழித்தல் எளிது. ஆயின் இறுதிவரை கருவியைவிட்டு அகலாது உயிர் துறந்தவரும் அவரே.

கார்ப்பேதியாவின் ஹரல்ட் கொட்டாமும் அன்று உறங்கச் செல்லுந் தறுவாயிலேயே இருந்தார். வேறொரு கப்பலின் மறுமொழிக்காகச் செவிக்குழலைக் கழற்றாதிருந்தவர், டைட்டானிக்குக்குச் செய்திகள் காத்திருப்பதைத் தெரிவிக்கவே அதனை அழைத்தார். உடனே வருக என்பதே கிடைத்த விடை. 58 கடல்மைல் கடந்து கார்ப்பேதியா விடியுமுன் வந்து, எழுநூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிற்று. சுமார் 1,500 பேர் மாண்டனர். அவ்வெழுநூற்றுவரின் உயிர் ஒருவர் செவிக்குழலைக் கழற்றச் சிறிது தாமதித்தமையிலே தங்கியிருந்தது.

அவ்வாண்டு யூலையில் இலண்டனில் நிறைவுற்ற உடன்படிக்கை, கப்பலும் கப்பலும் கருவி வேற்றுமையின்றி உரையாடுதலைப் பொதுக் கடமையாக்கியது. 1914ஆம் ஆண்டின் கடலுயிர்க் காப்பு உடன்படிக்கை இடையறாது செவிகொடுத்தல் பற்றிய விதிகளை வகுத்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு மணியிலும் இருமுறை, மும்மூன்று நிமிடம், அபாய அழைப்பொன்றையன்றிப் பிறவற்றை அவ்வலையிலே விடுக்கலாகாது என்னும் மௌன விதியும் நிலைபெற்றது. வானொலி அறைக் கடிகாரங்களின் முகத்தில் அந்நிமிடங்கள் செந்நிறந் தீட்டப்பட்டிருந்தன.

தந்திக்குறி போய்க் குரல் வந்தபின்னரும் இந்நெறி தொடர்ந்தது. இன்று 16ஆம் அலைவரிசையிற் பிற கப்பலின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னுங் கூறி அழைத்து, விடை கிடைத்ததும் இருவரும் வேறோர் அலைவரிசைக்கு மாறுவர்; பொதுவழியை மறித்து நில்லாமையே அதன் கருத்து. 1999 பெப்ரவரியில் புதிய உலக அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்து, மோர்சுக் குறியின் ஆட்சி முடிவுற்றது. ஆயினும் பெயரறியாத கப்பலை, என் வலப்புறத்துக் கப்பலே என்று இருளில் அழைக்க, வேறொரு கப்பல் தன்னையே அழைத்ததாக எண்ணி விடையிறுத்தலும் உண்டு. 2002 முதற் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட தன்னியக்க அடையாளக் கருவி, அண்மையிலுள்ள கப்பல்களின் பெயர்களைத் திரையிற் காட்டுகின்றது.