சிலிம் ஆற்றுப் போர்

சிலிம் ஆற்றுப் போர் என்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி 7 அன்று, மலாயாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில் ஜப்பானியப் படைக்கும் பிரித்தானிய இந்தியப் படைக்கும் நடந்த சண்டை. ஏறத்தாழ இருபது டாங்கிகள் விடிவதற்கு முன் புறப்பட்டு, ஒரே நெடுஞ்சாலை வழியாக ஆறு மணி நேரத்தில் சுமார் 30 கிலோமீட்டர் ஊடுருவி, 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகளைச் சிதறடித்தன. நான்காம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஆறு வாரத்துக்குள் சிங்கப்பூரும் சரணடைந்தது.

பின்னணி

1939இல் போலந்திலும் 1940 மே மாதத்தில் பிரான்சிலும் ஜெர்மானியக் கவசப் படைகள் பெற்ற விரைவு வெற்றிகள் உலகறிந்தவை. ஆனால் காடும் சதுப்பும் நிறைந்த மலாயாவில் டாங்கிகள் பயன்படா என்பது பிரித்தானியத் தளபதிகளிடையே பரவலான கருத்து. அதனால் போர் தொடங்கியபோது அங்கிருந்த படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. பழைய இலகுரக டாங்கிகள் சில சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1942 ஜனவரி இறுதியில்தான்.

உண்மையில் மலாயாவின் மேற்குக் கரை காடு மட்டும் அன்று. ரப்பரையும் வெள்ளீயத்தையும் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்ல அமைத்த தரமான நெடுஞ்சாலை வடக்கிலிருந்து தெற்கு வரை ஓடியது. ஜப்பானியரின் திட்டம் இந்தச் சாலையைச் சுற்றியே அமைந்தது. தளபதி யமஷிதாவின் 25ஆவது படை இருநூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளுடனும், மிதிவண்டிகளில் விரைந்த காலாட்படையுடனும் வந்தது.

1941 டிசம்பர் 8இல் கோத்தா பாரு, சிங்கோரா, பட்டாணி ஆகிய இடங்களில் ஜப்பானியர் தரையிறங்கினர். மூன்று நாள் கழித்து, ஜித்ராவுக்கு வடக்கே, கொட்டும் மழையில் டாங்கிகள் பஞ்சாப், கூர்க்கா படையினரின் நிலைகளுக்குள் புகுந்தன. அச்சிப்பாய்களில் பலர் அதற்குமுன் டாங்கியைக் கண்ணால் கண்டதே இல்லை.

போரின் போக்கு

ஜித்ராவிலிருந்து தெற்கே விலகிவந்து, கம்பாரில் சில நாள் எதிரியைத் தடுத்து நிறுத்திய பிறகு, 11ஆவது டிவிஷன் துரோலாக்குக்கும் சிலிம் ஆற்றுக்கும் இடையே பின்வாங்கி நின்றது. இடைவிடாத சண்டையாலும், பகலெல்லாம் தொடர்ந்த விமானத் தாக்குதலாலும் படையினர் தூக்கமின்றிக் களைத்திருந்தனர். பிரிகேடியர் ஸ்டுவர்ட்டின் 12ஆவது பிரிகேடு முன்னே நின்றது. 28ஆவது கூர்க்கா பிரிகேடு பின்னே சிலிம் ரிவர் ஊரருகே ஓய்வெடுத்தது.

சாலையின் இருபுறமும் அடர்ந்த காட்டில் காலாட்படை சுற்றிவளைப்பதே அதுவரை ஜப்பானியரின் வழக்கம். டாங்கி அணித் தலைவர் மேஜர் ஷிமாடா, இரவில் நேரே சாலை வழியாகவே பாய அனுமதி கேட்டுப் பெற்றார். அதிகாலை மூன்றரை மணிக்குப் பிறகு தாக்குதல் தொடங்கியது. முன்னணியில் இருந்த ஹைதராபாத் படையணி விரைவில் உடைந்தது. அடுத்திருந்த பஞ்சாப் படையணி கண்ணிவெடிகளால் சில டாங்கிகளை வீழ்த்தி, வரிசையைச் சற்று நேரம் நிறுத்தியது. அப்போது டாங்கி ஓட்டிகள், நெடுஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுப் பாதையைக் கண்டுபிடித்து, அதன் வழியே தடையைச் சுற்றிக் கடந்தனர்.

துரோலாக்கில் ஆர்கைல் படையணி போட்டிருந்த தடைகளும் நெடுநேரம் நிற்கவில்லை. கம்பித் தொடர்பு அறுந்திருந்ததால் எச்சரிக்கை பின்னுக்குப் போகவில்லை; செய்தியைவிட டாங்கிகள் முந்திக்கொண்டன. சாலையில் அணிவகுத்து நடந்த கூர்க்கா படையணி ஒன்றை அவை பின்புறமிருந்து தாக்கின. காலை எட்டரை மணியளவில் சிலிம் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படாமலே ஜப்பானியர் வசமாயிற்று. லெப்டினன்ட் வாத்தனபே கீழே குதித்து, வெடிமருந்துக் கம்பிகளை வாளால் வெட்டியதாக ஜப்பானியத் தரப்பு பதிவு செய்துள்ளது. பாலத்தைத் தாண்டிச் சுமார் மூன்று கிலோமீட்டரில், 155ஆவது பீரங்கிப் படையின் ஹவிட்சர் ஒன்று மிக அருகிலிருந்து முதல் டாங்கியைச் சுட்டு வீழ்த்தியபோதுதான் பாய்ச்சல் நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய, பிரித்தானியப் படையினர் சிறைப்பட்டனர்.

தோல்வியின் காரணங்கள்

ஜப்பானிய டாங்கிகள் வலிமை மிக்கவை அல்ல. 97ஆம் வகை நடுத்தர டாங்கி 15 டன் எடையும் 57 மி.மீ. பீரங்கியும் கொண்டது, 95ஆம் வகை இலகுரக டாங்கியின் கவசம் 12 மி.மீ. மட்டுமே. அவற்றைத் துளைக்கும் பீரங்கிகள் மலாயாவில் இருந்தன. சிலிமுக்குப் பதினொரு நாள் கழித்து, ஜனவரி 18இல், மூவாருக்கு அருகே பக்ரியில் ஆஸ்திரேலியப் பீரங்கி வீரர்கள் 95ஆம் வகை டாங்கி வரிசை ஒன்றையே அழித்தனர்.

குறை ஆயத்தத்தில் இருந்தது. தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன், டாங்கித் தடுப்பு பற்றிய கையேடுகள் சிங்கப்பூர்த் தலைமையகத்தில் விநியோகிக்கப்படாமல் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பின்னாளில் எழுதினார். தடுப்பரண்கள் கட்ட அவர் முன்வைத்த யோசனையை மலாயாவின் பிரித்தானியத் தளபதி பெர்சிவல் ஏற்கவில்லை. சிலிமில் கண்ணிவெடிகள் மிகக் குறைவாகவே கொடுக்கப்பட்டன. படையணிகள் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதால், முன்வரிசை உடைந்ததும் பின்வரிசைகள் ஆயத்தமாகுமுன் அகப்பட்டன.

விளைவுகள்

ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. சிறைப்பட்ட பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களிடையே இந்திய தேசிய ராணுவம் உருவாயிற்று. ஜித்ரா தோல்விக்குப் பின் சரணடைந்த கேப்டன் மோகன் சிங் அதன் முதல் தலைவர்.

இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் இருந்த ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் சென்றவர்களும் அவர்களின் வழிவந்தவர்களுமே அவர்கள். சாலை, ரயில் பாதை வேலைகளிலும் தமிழர் உழைப்பே மிகுதி. ஜப்பானிய ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி முடங்கியதால் தோட்டங்களில் வேலையும் அரிசியும் அருகின. சயாம்-பர்மா ரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாவிலிருந்து திரட்டிய ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இத்தோட்டத் தமிழர்களே. 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதை முடிவதற்குள் காலராவாலும் பசியாலும் அவர்களில் பல்லாயிரம் பேர் மாண்டனர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தவர்களில் கணிசமானோர் மலாயாத் தமிழர்களே.