ஸ்ட்ராபெர்ரி இல்லாத மேசை: தெரிவுச் சுமைக் கோட்பாடு குறித்து

தெரிவுகள் பெருகினால் மனிதர் முடிவெடுக்கத் திணறுவர் என்பதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது, உளவியலாளர்கள் ஷீனா ஐயங்காரும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், டிரேகர்ஸ் என்ற மளிகைக் கடையில் சுவை பார்க்க ஒரு மேசை போட்டார்கள். சில மணி நேரம் அதில் 24 வகை ஜாம், சில மணி நேரம் 6 வகை. 24 இருந்தபோது கடந்து சென்றவர்களில் 60 விழுக்காட்டினர் நின்றனர். 6 இருந்தபோது 40. நின்றவர்களில் வாங்கியவர்களோ முறையே 3, 30 விழுக்காடு. (ஆட்கணக்கில் 145 பேரில் 4 பேர், 104 பேரில் 31 பேர். விழுக்காடு பரவிய அளவுக்கு இந்தச் சிறிய எண்கள் பரவவில்லை.)

எண்ணிக்கைதான் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டியது அவசரம் என்பேன். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்ப்பெர்ரி போன்ற பழகிய சுவைகளை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே விலக்கினர். வைத்திருந்தால் பலரும் அவற்றையே எடுத்துவிடக்கூடும். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த விருப்பத்துக்கு அந்த மேசையில் இடமில்லை.

இதைவிட முக்கியமானது, அந்த மேசையில் விற்பனை நடக்கவில்லை என்பது. ஒரு டாலர் தள்ளுபடிச் சீட்டுடன் ஜாம் அடுக்குக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அங்கே அந்த ஜாம்களைத் தயாரித்த நிறுவனத்தின் எல்லா வகைகளும் இருந்தன. ஆறு மட்டும் பார்த்தவரும் வாங்கும் நேரத்தில் முழு அடுக்கின் முன்னேதான் நின்றார். வெறும் எண்ணிக்கையே கையைக் கட்டிப்போடும் என்றால் அவர் கையும் கட்டுண்டிருக்க வேண்டுமே?

சுவை பார்த்ததால் தெளிவு வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இரு சாராரும் சராசரியாக ஓரிரு வகைகளையே சுவைத்தனர். வேறுபாடு, சுவைக்காமல் விட்டதில் இருக்கிறது. ஆறில் ஒன்றைத் தொட்டவர் மற்ற ஐந்தையும் ஒருவாறு எடைபோட்டிருப்பார். 24இல் ஒன்றைத் தொட்டவருக்கு, இதைவிட நல்லது தப்பிவிட்டதோ என்ற ஐயம் எஞ்சும். இது என் ஊகமே. அந்த ஆய்வு இதை நேரடியாக அளக்கவில்லை.

உளவியலாளர் பேரி ஷ்வார்ட்ஸின் 2004ஆம் ஆண்டு நூல் தெரிவுச் சுமைக் கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. பிறகு 2010இல் ஷைபஹென்னவும் உடனாய்வாளர்களும் 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்டச் சுழியமாக இருந்தது. அதற்காகக் கோட்பாட்டையே தூக்கியெறிவதும் தவறு. சில சோதனைகளில் விளைவு வலுவாகவும் சிலவற்றில் நேரெதிராகவும் இருந்தால் சராசரி சுழியத்தில்தான் நிற்கும். 2015இல் செர்னெவ் குழுவினர் அந்த வேறுபாட்டை ஆராய்ந்து நான்கு காரணிகளைக் காட்டினர். அவற்றுள் ஒன்று, தனக்கு என்ன வேண்டும் என்ற தெளிவின்மை. என் வாசிப்பில் மற்ற மூன்றையும்விட ஜாம் மேசைக்குப் பொருந்துவது இதுவே.

ஐயங்காரின் பிற்காலப் பணியும் இதற்கு இடம் தருகிறது. அமெரிக்க ஊழியர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேரின் ஓய்வூதியப் பதிவுகளில், திட்டத்தில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் முதலீட்டு நிதிகள் பத்து கூடும்போது சேர்வோர் 1.5 முதல் 2 விழுக்காடு குறைவதை அவர் குழு 2004இல் கண்டது. பங்கு நிதியில் யாருக்கும் பிறவி விருப்பம் கிடையாது. விருப்பம் தெளிவில்லாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே வழியல்ல: அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் நிதிகளின் பட்டியலைச் சுருக்கச் சொல்லவில்லை. ஊழியரைத் தானாகவே சேர்த்து, அவர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பணம் போக வேண்டிய நிதியையும் நிறுவனமே வகுத்துவைக்க ஊக்கம் தந்தது.