கரையும் விளிம்பு

பழைய உருவப்படங்கள் சிலவற்றில் முகமும் தோளும் தெளிவாகத் தெரியும். மார்புக்குக் கீழே உருவம் சிறிது சிறிதாக மங்கி வெள்ளைத் தாளில் கரைந்துவிடும். இவ்வகைப் படத்தை மேனாட்டார் 'விக்னெட்' என்றனர். கொடியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த இப்பெயர், முதலில் நூற்பக்கங்களை அழகுசெய்த கொடிக்கோலங்களுக்கே உரியதாயிருந்தது.

ஒளிப்படக்கலையின் தொடக்கக் காலத்து டாகெரோடைப் படம், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேராகவே பதிவதாகும். எனவே, விளிம்பை மங்கவைக்கும் வேலையைக் கேமராவின் முன்னேயே செய்ய வேண்டியிருந்தது. பாஸ்டன் நகரத்து ஜான் ஆடம்ஸ் விப்பிள், நடுவில் திறப்புடைய மறைப்பொன்றை அமர்ந்திருப்பவருக்கும் கேமராவுக்கும் இடையே அசைக்கும் முறைக்கு 1849இல் காப்புரிமை பெற்றார்.

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் அமைந்த ஒரே நெகடிவிலிருந்து பல படிகளைத் தாளில் அச்சிடும் வழக்கம் அதனால் பரவியது. மங்கவைக்கும் வேலையும் அச்சிடும் கட்டத்திற்கு மாறியது. தாளில் ஒளி பட்ட இடம் கறுக்கும். படாத இடம் வெண்மையாக நிற்கும். நெகடிவையும் தாளையும் சட்டத்தில் இறுக்கி, முட்டை வடிவத் துளையிட்ட அட்டையை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டினர். அட்டை கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பே கிடைக்கும். சற்று உயர்த்தி வைத்தாலோ, ஒளி பக்கங்களிலிருந்தும் உள்ளே நுழைந்து நிழலின் ஓரத்தை இளக்கும். துளையின்மேல் மெல்லிய தாளை ஒட்டி ஒளியைப் பரவச் செய்தலும் உண்டு.

மின்விளக்கின் துணையால் படத்தைப் பெரிதாக்கும் கருவி இருட்டறைக்குள் வந்தபின்னும் அடிப்படை மாறவில்லை. லென்சுக்கும் தாளுக்கும் நடுவே துளையிட்ட அட்டையைப் பிடித்து, ஓயாமல் மேலும் கீழும் அசைத்தனர். ஓரங்களைக் கறுக்கச் செய்ய விரும்பியோர், முழுப்படத்திற்கும் ஒளி தந்தபின் கம்பியில் பொருத்திய அட்டைத் துண்டால் நடுப்பகுதியை மறைத்து, ஓரங்களுக்கு மட்டும் மேலும் ஒளி தந்தனர்.

இம்முறை அழகுக்கு மட்டுமன்றி மறைப்புக்கும் உதவியது. நாற்காலி, திரைச்சீலை, அறையின் நிலை ஆகிய அனைத்தும் வெண்மைக்குள் மறைந்தன. முகம் எஞ்சியது, இடம் போயிற்று. அச்சுப்படியை மட்டும் காண்பவர், அவர் எங்கே, எத்தகைய சூழலில் அமர்ந்திருந்தார் என்பதை அறிதல் அரிது. ஆனால் அச்சிடுகையில் மங்கவைத்த படத்தின் நெகடிவில் அவை யாவும் அழியாதிருக்கும்.

ஆகவே, அச்சுப்படியைப் போற்றி நெகடிவை எறிந்துவிடுதல் வரலாற்றின் ஒரு பாதியை இழப்பதாகும். பழம்படங்களைச் சான்றாகக் கொள்ளும் மாணவர், தெரியும் முகத்தோடு சூழ்ந்துள்ள வெண்மையையும் வினவிப் பழகுதல் வேண்டும்.