சுளுக்குதானே என்று விட்டுவிட்டீர்களா? மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கலாம்

காற்பந்துத் திடலில் தடுக்கி விழும்போது யோசிக்காமல் கையை ஊன்றுகிறோம். மணிக்கட்டு வலிக்கிறது. ஆனால் பெரிய வீக்கம் இல்லை, விரல்களும் அசைகின்றன. "சுளுக்குதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று தைலம் தேய்த்துவிட்டு மறுபடி ஆடப் போய்விடுகிறோம்.

சிக்கலே அங்குதான்.

எந்த எலும்பு?

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. அவற்றில் ஆக அதிகம் முறிவது, கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு. பார்க்க முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும்.

அதற்கு ரத்தம் வரும் வழி கொஞ்சம் விநோதம். பெரும்பாலான ரத்தம் விரல் பக்க முனையில் நுழைந்து, பின்னோக்கி முன்கைப் பக்கம் ஓடுகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் பின்முனைக்கு ரத்தம் குறைந்துவிடும். அதனால் எலும்பு கூடத் தாமதமாகும். சிலருக்குக் கூடாமலேயே போகும். அதைப் பல ஆண்டு அப்படியே விட்டால் மூட்டு தேய்ந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்குங்கள். அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சின்னக் குழி தெரிகிறதா? விழுந்த பிறகு அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். வலித்தாலே முறிவு என்று அர்த்தமில்லை. ஆனால் சும்மா விடக்கூடாது.

முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல், தப்பிச்சோம்" என்று கிளம்பிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் படம் எடுப்பார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும்.

மாவுக்கட்டா, அறுவை சிகிச்சையா?

எலும்பு விலகவில்லை என்றால் பொதுவாக 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தாலோ பின்முனை முறிந்திருந்தாலோ, எலும்புக்குள்ளேயே புதையும் தலையில்லாத திருகாணியைப் பொருத்துவார்கள்.

சீக்கிரம் களத்துக்குத் திரும்பலாம் என்று விளையாட்டாளர்கள் பலர் திருகாணியைக் கேட்கிறார்கள். ஆனால் 2020இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வைக் கவனியுங்கள். நடுப்பகுதி முறிந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத பெரியவர்களில், ஓராண்டு கழித்து இரு தரப்பினரின் கையும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் இருந்தது. மாவுக்கட்டில் கூடாத எலும்புக்கு மட்டும் உடனே அறுவை சிகிச்சை செய்தால் போதும் என்றது ஆய்வு.

கோல்ஃப், டென்னிஸ் ஆடுபவரா? சுண்டுவிரல் பக்க உள்ளங்கையில் ஹாமேட் எலும்பின் கொக்கி உண்டு. மட்டையின் பிடி அங்கேதான் இடிக்கும். அந்த முறிவும் சாதாரண எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளும், சிடி ஸ்கேன் தேவைப்படலாம். பல நேரம் கொக்கியையே எடுத்துவிடுவார்கள்.

புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது இன்னும் மெதுவாகும். வலி போனதும் கட்டை நீங்களாகவே கழற்றிவிடாதீர்கள். எலும்பு கூடியதைப் படத்தில் பார்த்து, பிடியின் பலத்தைச் சோதித்த பிறகே டாக்டர் ஆட விடுவார்.